மரம் நிக்கிற மட்டும்

இறங்காதீங்க தம்பி, உக்காருங்க. கண்டக்டர் இப்பத்தானே இறங்கிப் போயிருக்காரு. கீழருந்து மிசின் வாளு வரணும், வந்து அறுக்கணும், அறுத்து உருட்டித் தள்ளணும். அவரு ஒரு மணி நேரம்னு சொன்னா ரெண்டு மணி நேரம்னு வெச்சுக்கங்க. இந்த மலை ரோட்டுல மழை பேஞ்சா இது வாடிக்கை. சன்னலோரம் வேணும்னா இங்கிட்டு வாங்க, எனக்கு இந்த ரோடு பாத்துப் பாத்துப் புளிச்சுப்போச்சு.

மரத்தைக் கிட்டப் போய்ப் பாத்தீங்களா? நான் பாத்துட்டுத்தான் வந்தேன். வேரு அழுகி விழுந்திருக்கு. தானா விழுந்த மரம், எவனும் கை வைக்கல. பட்டையைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிரும்.

எப்பிடித் தெரியும்னா கேக்குறீங்க? அதுக்கு ஒரு கதை இருக்கு. ஊர்ல எவன்கிட்டயும் இதை நான் சொன்னதில்ல. எனக்கு ஊத்துப்பாறை, பஸ்சு கடைசியா நிக்கிற இடத்துக்கு ரெண்டு வளைவு முந்தி. பேரு வீரணன். என் கூடப் பொறந்த தங்கச்சி அழகுமணி என்கிட்டப் பேசி பதினொரு மாசம் ஆகுது. எதுத்தாப்புல வந்தா ஒதுங்கிப் போறா. ஊரு கேக்குது, என்ன வீரணா, தங்கச்சி முகம் குடுக்க மாட்டேங்குதுன்னு. நான் என்னத்தைச் சொல்ல? நீங்க வெளியூரு, அவளையும் தெரியாது, என்னையும் தெரியாது. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு யாரு மேலன்னு.

எங்களுக்கு மூணு ஏக்கரு காப்பித் தோட்டம். அதுல ரோட்டுக்கு மேல ஒரு துண்டு, முக்கா ஏக்கரு வரும். அந்தத் துண்டுல மட்டும் பதினேழு சில்வர் ஓக்கு மரம். காப்பிக்கு நிழலுக்காக எங்க அய்யா வெச்சது. வெச்ச மரத்தைச் சும்மா விடுவாங்களா, ஒவ்வொண்ணுலயும் மிளகுக் கொடி ஏத்தி விட்டாரு. அது ஏறி, படந்து, அடியிலருந்து இருவது அடி ஒசரத்துக்குச் சுத்தி மூடிக்கிச்சு. தூரத்துலருந்து பாத்தா மரம் தெரியாது, பச்சைத் தூணு மாதிரி கொடிதான் தெரியும்.

அய்யா படுத்த படுக்கையா ஆனதும் ஊர்ல ரெண்டு பெரிய ஆளைக் கூட்டியாந்து கட்டில் பக்கத்துல உக்கார வெச்சாரு. வெச்சுச் சொன்னாரு. மண்ணு பூராவும் வீரணனுக்கு. அந்தப் பதினேழு மரத்துக் கொடி அழகுமணிக்கு, அது அவ மஞ்சக்காணி. மஞ்சக்காணி தெரியும்ல, பொம்பளப் புள்ளைக்குப் பொறந்த வீட்டுல விட்டுக் குடுக்கிற பங்கு. மரம் நிக்கிற மட்டும் மிளகு அவளுக்கு, மரம் தானா விழுந்துட்டா அந்த உரிமையும் அதோட சரி. இது வரைக்கும் ஒண்ணும் குத்தமில்ல. என் தங்கச்சி தின்னா எனக்கென்ன வயித்தெரிச்சலா? ஆனா அதோட நிறுத்தல மனுசன். என்னைப் பாத்துக்கிட்டே சொல்றாரு, வீரணன் அருவா வெச்சு ஒரு மரத்தைச் சாச்சான்னா, அந்த மரத்து நிழலு விழுற அளவு மண்ணு அழகுமணிக்குன்னு.

பதினேழு மரத்து நிழலு எம்புட்டு வரும்? அந்தத் துண்டே அம்புட்டுத்தான். பெத்த மகன் மேல இருந்த நம்பிக்கையைப் பாருங்க. சாகப்போற நேரத்துல, ரெண்டு பேரை உக்கார வெச்சுக்கிட்டு, இதைச் சொல்லிட்டுக் கண்ணை மூடினாரு. அன்னைக்கே எனக்கு மனசு விட்டுப்போச்சு.

சரி, போகட்டும். அதுக்கப்புறம் மலையில எல்லாரும் சௌசௌவுக்கு மாறினாங்க. கல்லுக்கால் ஊண்டி, கம்பி இழுத்து, பந்தல் போட்டுக் கொடியை ஏத்தி விட்டா வாரா வாரம் காய் இறக்கலாம். வர்ற வழியில பாத்திருப்பீங்களே, ரோட்டோரம் பூராவும் பந்தல். ஆனா அதுக்கு வெயிலு வேணும். நிழல்ல வெச்சா இலை இலையாப் போகுமே தவிர காய் நிக்காது. எனக்குத் தண்ணி வசதி இருக்கிறது அந்த ஒரு துண்டுதான். அந்தத் துண்டுல வெயிலு மட்டும் இல்ல. நான் வேற என்ன கேட்டேன், வெயிலைத்தானே கேட்டேன்?

அழகுகிட்டக் கேக்காம ஒண்ணும் பண்ணல. வீடு தேடிப் போய்க் கேட்டேன். ஏ அழகு, வீட்டுப் பின்னால பத்து மரம் தாரேன், புதுக்கொடி நட்டுக்க, இதை விட்டுருன்னேன். அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்றா, "புதுக்கொடி காய்க்க நாலு வருசம் ஆகும்ணே. அது வரைக்கும் நாங்க எதைத் திங்கிறது?" அவ புருசன் சுருளிநாதன், ஜீப்பு ஓட்டுற பய, நல்ல பயதான், அவனும் தலையைத் தலையை ஆட்டுறான். அவளுக்கு வேற நிலம் கிடையாது. அந்த மிளகுதான் வருசத்துக்கும். அவ சொன்னது நியாயம்தான், இல்லைங்கல. எனக்கும் ஒரு நியாயம் இருக்குல்ல?

அப்பத்தான் குப்பாண்டி சொன்னாரு. மரம் கழிக்கிற ஆளு, மலையில அவரு ஏறாத மரம் கிடையாது. "வெட்டாத வீரணா, உரி"ன்னாரு. அடிமரத்துல சுத்தி வளையமா ஒரு பட்டை எடுத்துரு. மரம் மேலருந்து வேருக்குச் சோறு இறக்குறதே அந்தப் பட்டை வழியாத்தான். அது அத்துப்போச்சுன்னா மேல பச்சையா இருக்கும், வேரு பட்டினி கிடக்கும். கிடந்து கிடந்து ஒரு நாளைக்குத் தானாப் போயிரும். பாக்குறவன் மரம் பட்டுப்போச்சும்பானே தவிர, வெட்டுனான்னு எவனும் சொல்ல முடியாதுன்னாரு.

நீங்க ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? அய்யா சொன்னது அருவா வெச்சுச் சாய்க்கக் கூடாதுன்னு. நான் சாய்க்கல. நான் எடுத்தது வெறும் பட்டை. ஒரு மரத்தைக் கூட நான் சாய்க்கல, இதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க.

மூணரை வருசத்துக்கு முந்தி, ஆனி மாசம் மொத மழையில பண்ணினேன். மழை விழுந்தாத்தான் பட்டை லேசா உரியும், வெயில் காலத்துல மரத்தோட ஒட்டிக்கிட்டு வராது. பெருவிரல் அகலத்துக்கு வளையம் எடுத்தேன், பதினேழுலயும். எடுத்துட்டுப் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒரு மரமாவது வாடணுமே. ஐப்பசியில போய்ப் பாத்தா, கீழ்ப்பட்டையும் மேல்பட்டையும் தேடிப் பிடிச்சு ஒட்டிக்கிட்டு, உதடு மாதிரி தடிச்சுப்போய் நிக்குது. குப்பாண்டி சிரிக்கிறாரு. ஒரு நூலு பட்டையை விட்டு வெச்சாலும் மரத்துக்கு அது போதும், நீ இரக்கப்பட்டு உரிச்சிருக்கன்னாரு. இரக்கமெல்லாம் இல்ல, எனக்குப் பழக்கம் இல்ல, அம்புட்டுத்தான்.

ரெண்டாவது தடவை தப்பு விடல. அடுத்த வருசம் புரட்டாசி, அழகு குடும்பத்தோட கீழ ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தா, நாலு நாளு. என் வீட்டுக்காரி பஞ்சவர்ணத்துக்குக் கூடச் சொல்லல. தரையோட தரையா, ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை எடுத்துட்டு, கோடாலியை வெச்சு ரெண்டு விரக்கட்டை ஆழத்துக்கு மரத்துக்குள்ளயே சுத்திக் குடைஞ்சேன். இதுல ஒரு விசயம் கேளுங்க. கொடி மரத்தோட ஒட்டித்தானே ஏறியிருக்கும்? ஒவ்வொரு கொடியையும் அடியில மெதுவா வேர் விடாம நெம்பி எடுத்து, இடுக்குல கையை விட்டுப் பட்டையை அறுத்து, திரும்பக் கொடியை அதே இடத்துல வெச்சுச் சணலால கட்டினேன். ஒரு கொடிக்கு நகக்கீறல் படல. ஏன்னா கொடி அவ சொத்து. அவ சொத்துல நான் கை வைக்கிற ஆளு இல்ல. அதுக்கே ஒரு மரத்துக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. அப்புறம் சேறு குழைச்சு வளையத்து மேல அப்பி, சருகைக் குமிச்சு விட்டுட்டேன்.

அந்த வருசம் தையில மிளகு எடுத்தப்ப மரத்துல இலை இருந்துச்சு, ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல. சுருளி ஏறிப் பறிச்சான். வைகாசியில மழைக்கு முன்னாடி நிழலு குறைக்கக் கிளை கழிக்கிறது எல்லாருக்கும் வழக்கம். நானே ஏறிப் பதினேழையும் சுத்தமாக் கழிச்சு விட்டேன். கிளை இல்லாத மரத்துல இலையை யாரு தேடப் போறா? மரம் செத்துப்போயிருச்சு தம்பி, உள்ளுக்குள்ள செத்துப்போயிருச்சு. ஆனா மிளகுக் கொடிக்கு வேரு தனி, மண்ணு தனி. அது பாட்டுக்குப் பச்சைப் பசேல்னு நிக்குது. மேல நிழலு இல்லாததுனால அந்த வருசம் காய்ப்புன்னா காய்ப்பு, சரம் சரமாத் தொங்குது. அழகு வந்து பாத்துட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டா. "நீ கழிச்சு விட்ட கை ராசிண்ணே"ன்னா.

எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னா பொய்.

என் நினைப்பு என்னன்னா, ஐப்பசி கார்த்திகையில எங்க பக்கம் காத்து சுழட்டி அடிக்கும். அந்தக் காத்துல பதினேழும் ஒண்ணு ஒண்ணாச் சாஞ்சிரும். யாரும் தோட்டத்துல இருக்க மாட்டாங்க, யாருக்கும் சேதம் இல்ல. அழகுக்கு அந்த வருச மிளகு போகும், நானே ஏதாச்சும் பாத்துக் குடுத்துரலாம்னு இருந்தேன். அந்த வருசம் பாத்து, தம்பி, காத்தே அடிக்கல. மழை பேஞ்சுச்சு, நின்னு நிதானமா, குளிப்பாட்டுற மாதிரி பேஞ்சுச்சு. ஒரு மரம் அசையல. மார்கழி போச்சு, தை வந்துருச்சு, மிளகு பழுத்துருச்சு.

சுருளிக்கு அதுக்கு முந்தின மாசம் ஜீப்பு கவுந்து தோள்பட்டை விட்டுப்போச்சு, கையைத் தூக்க முடியல. வருசா வருசம் மிளகு எடுக்க வர்ற ஆளுக காப்பிப் பழம் எடுக்கப் போயிட்டாங்க. ஒரு நாள் காலையில பாக்குறேன், அழகு ஏணியைத் தோள்ல வெச்சுக்கிட்டுத் தோட்டத்துக்குள்ள வர்றா. சேலைக்கு மேல சுருளி சட்டையைப் போட்டுக்கிட்டு, இடுப்புல சாக்கைக் கட்டிக்கிட்டு. "நானே ஏறிக்கிறேண்ணே, சின்னப் புள்ளையில ஏறாததா"ன்னு சிரிக்கிறா.

எங்க ஊரு மிளகு ஏணி பாத்திருக்கீங்களா? ஒத்த மூங்கிலு. ஒரே ஒரு முத்தின மூங்கிலை எடுத்து, அங்கங்க துளை போட்டு ஆப்பு அடிச்சிருப்பாங்க, அதுதான் படி. மரத்துல சாத்திக் கட்டிட்டு ஏறணும். கீழ ஒரு ஆளு கட்டிப் புடிச்சிருக்கலைன்னா அப்பிடியே சுத்தி விட்டுரும். ஏறுற ஆளு உசுரு பாதி மரத்துல, பாதி ஏணி புடிக்கிறவன் கையில.

அடியில ரெண்டு விரக்கட்டை குடைஞ்ச மரம், ஒன்றரை வருசமா மழையில ஊறி நிக்குது. அதுல இவ ஏணியைச் சாத்தி ஏறப்போறா. சொல்லிட்டா என்ன ஆகும்? சொன்னா, பதினேழு மரத்து மண்ணும் போச்சு. அந்த ரெண்டு பெரிய ஆளும் இன்னும் உசுரோடதான் இருக்காங்க. நான் என்ன பண்ணட்டும், நீங்க சொல்லுங்க. போய், "ஏ அழகு, ஏணியை நான் புடிக்கிறேன்"னேன்.

மூணு நாளு தம்பி. என் சோலி எல்லாத்தையும் போட்டுட்டு மூணு நாளு அவளுக்கு ஏணி புடிச்சேன். எந்த அண்ணன் புடிப்பான்?

நான் சும்மா புடிக்கல. ஏணி சாத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மரத்தையும் உள்ளங்கையால தட்டிப் பாப்பேன். கல்லு மாதிரி கேட்டா சரி. மெத்துனு கேட்டா, இந்தப் பக்கம் சாத்தாத, அந்தப் பக்கம் சாத்துன்னுவேன். மேல போகாத, கீழ்ச்சரத்தை மட்டும் பறி, மேல இருக்கிறதைக் குருவிக்கு விடும்பேன். அவ மேலருந்து சிரிப்பா. "குருவிக்கு விட்டுட்டு என் வீட்டு உலையில என்னத்தைப் போடுறதுண்ணே?" அவ ஏறி இறங்குற வரைக்கும் என் மூச்சு என்கிட்ட இருக்காது. கால் தரையில பட்டாத்தான் திரும்பி வரும். இப்பிடி மொத நாளு ஆறு மரம்.

ரேசன் கடை தங்கவேலு ரோட்டுல போனவரு நின்னு பாத்துட்டுப் போயி ஊரெல்லாம் சொல்லியிருக்காரு. அண்ணன் தங்கச்சின்னா வீரணனும் அழகுமணியும்தான்னு. அன்னைக்குச் சாயந்திரம் டீக்கடையில எனக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் குடுத்தாங்க. இன்னைக்கும் ஊர்ல அதைச் சொல்றவங்க இருக்காங்க. நான் அதை வேண்டாம்னு சொல்லல, ஏன்னா புடிச்சது உண்மைதானே.

ரெண்டாவது நாளு பத்தாவது மரமோ பதினொண்ணாவதோ. அவ பாதி ஏணிக்கு மேல நிக்கிறா. மரத்துக்குள்ளருந்து ஒரு சத்தம். கதவு கீலு முனகுற மாதிரி. அவ கை அப்பிடியே நின்னுருச்சு. "அண்ணே, மரம் என்னமோ முனகுது"ன்னா. "காத்துக்கு அப்பிடித்தான் இருக்கும்"னேன். அவ சுத்திப் பாக்குறா. ஒரு இலை ஆடல. அப்பிடியே இறங்கிட்டா. இறங்கி, வெத்தலை போடணும்னு சொல்லி மரத்தடியில உக்காந்தா. நான் ஒதுங்கிப் போய்ட்டு வந்தேன், தண்ணி குடிச்சுட்டு வந்தேன். வந்து பாத்தா அதே இடத்துல உக்காந்து, கையில ஒட்டின மண்ணைச் சேலைத் தலைப்புல துடைச்சுக்கிட்டு இருக்கா. முகம் ஒரு மாதிரி வெளுத்திருந்துச்சு. ரெண்டு நாளா ஏறி இறங்குன அலுப்புன்னு நினைச்சேன். "இன்னைக்குப் போதும் போ"ன்னு அனுப்பிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. பஞ்சவர்ணம் கேக்குறா, என்ன அப்பிடிப் புரளுறீங்கன்னு. அவகிட்ட என்னத்தைச் சொல்றது? காலையில எந்திரிச்சதும் போயி, அழகு, இந்த வருசம் மிச்ச மரத்தை விட்டுரு, என் வீட்டு மிளகுல ஒரு மூட்டை தாரேன்னு கேட்டேன். மூட்டையோட தாரேன்னு சொன்னேன் தம்பி. அவ என்னையே பாத்தா. "ஏண்ணே?" "இல்ல, உனக்கு முடியல பாரு, அலுத்துத் தெரியுற." "வேற ஒண்ணும் இல்லையே?" "வேற என்ன?" "சரி, வா, முடிச்சுருவோம்"னு ஏணியைத் தூக்கிட்டு முன்னாடி நடக்குறா.

மூணாவது நாளு அவ சிரிக்கவே இல்ல. பேச்சும் கிடையாது. அஞ்சு மரம் எடுத்தா, எல்லாம் தரையில நின்னபடிக்கு, கைக்கு எட்டுற சரம் மட்டும். நல்லதாப் போச்சுன்னு நான் ஒண்ணும் கேட்டுக்கல. கடைசி மரம் ஒண்ணு, ரோட்டோரத்து மரம், அதுதான் இருக்கிறதுலயே பெருசு. சாத்துறதுக்கு முன்னாடி தட்டிப் பாத்தேன். என் கை நனைஞ்சுச்சு. தட்டுன இடத்துல மரம் மெத்தை மாதிரி உள்ள போகுது.

அவ ஏணியைச் சாத்தினா. சாத்திட்டு என்னைப் பாத்துச் சொல்றா, "எனக்கு முழங்கால் வலிக்குதுண்ணே. இந்த ஒண்ணு மட்டும் நீ ஏறு. நான் புடிச்சுக்கிறேன்."

நான் என்ன பண்ணுவேன்? ஏற முடியாது. ஏறக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்ல. "எனக்குத் தலை சுத்தும் அழகு"ன்னேன். "வைகாசியில ஏறிக் கிளை கழிச்சது யாருண்ணே?"ன்னா. "அது அப்ப"ன்னேன். "இப்ப என்ன?" நான் ஏணிக் கட்டை இழுத்து இறுக்கினேன். "ஒரு மரம்தாண்ணே. நான் பதினொரு மரம் ஏறியிருக்கேன். நீ ஒண்ணு ஏற மாட்டியா?" "முடியாது"ன்னேன். "முடியாதா?" "முடியாதுன்னா விடு." அவ தலையை ஆட்டிக்கிட்டே நின்னா, எதையோ கேட்டு முடிச்ச மாதிரி. அப்புறம் சேலையைத் தூக்கிச் செருகினா. "அப்பப் புடி"ன்னா. ஏணியில காலை வெச்சுட்டா.

நான் புடிச்சேன். வேற என்ன செய்ய முடியும்? அவ ஏறுறான்னா நான் புடிக்காம இருக்க முடியுமா?

ஒரு படி ஏறினா. நின்னா. திரும்பிக் குனிஞ்சு என்னைப் பாத்தா. ரெண்டாவது படி. நின்னா, பாத்தா. அவ பறிக்கவும் இல்ல, சரம் அவ முகத்துக்கு முன்னாடி தொங்குது, கையை நீட்டவே இல்ல. ஏறுறா, நிக்கிறா, பாக்குறா. மூணு. நாலு. ஏணி என் கையில கிடந்து வெடவெடன்னு ஆடுது தம்பி. நான் ஆட்டுறேனா, மரம் ஆட்டுதான்னு தெரியல. மனசுக்குள்ள கத்துறேன், இறங்குடி, இறங்குடின்னு. சத்தியமாக் கத்தினேன். வெளிய வரல. வாய் வரைக்கும் வரும், வந்ததும் அந்தத் துண்டு கண்ணு முன்னால வந்து நிக்கும், அய்யா கட்டில் பக்கத்துல உக்காந்திருந்த ரெண்டு பேரும் வந்து நிப்பாங்க. அஞ்சாவது படி. ஆறாவது படி. ஏணியோட தலை மரத்துல பதிஞ்சு, பட்டை பொடியா என் தலையில கொட்டுது. ஏழாவது படியில காலை வெச்சா. அடியில, என் பாதத்துக்குப் பக்கத்துல, சேறு அப்பியிருந்த இடத்துல நறுக்குனு ஒரு சத்தம். ரெண்டு பேருக்கும் கேட்டுச்சு. மரம் ஒரு முழம் ரோட்டுப் பக்கம் சரிஞ்சு, கொடியோட பிடிப்புலயோ என்னவோ, அப்பிடியே நின்னுருச்சு.

அவ அசையல. நானும் அசையல. அவ என்னையே பாத்துக்கிட்டு இருக்கா, நான் ஏணியைப் பாத்துக்கிட்டு இருக்கேன். எம்புட்டு நேரம்னு சொல்லத் தெரியல. அப்புறம் அவளே மெதுவா, ஒவ்வொரு படியா, இறங்கி வந்தா.

வந்து எனக்கு முன்னாடி நின்னா. சத்தம் போடல, அழல. அழுதிருந்தாக் கூட எனக்கு என்ன பண்ணணும்னு தெரிஞ்சிருக்கும். "நேத்தே மண்ணைக் கிளறிப் பாத்துட்டேண்ணே"ன்னா. "பாத்துட்டு வீட்டுல அவர்கிட்டக் கூடச் சொல்லல. என் அண்ணன் நாளைக்கு அவன் வாயாலயே சொல்லிருவான்னு இருந்தேன்." நான் கீழயே பாத்துக்கிட்டு நிக்கிறேன். "ஏழு படிண்ணே. ஒவ்வொரு படியிலயும் நின்னு உனக்கு நேரம் குடுத்தேன். இறங்குன்னு ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தா, உன் மண்ணு உனக்குன்னு அப்பவே விட்டுட்டுப் போயிருப்பேன்."

அம்புட்டுத்தான். சாக்கை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. ஏணியைக் கூட எடுக்கல. ஊரைக் கூட்டுவா, அந்த ரெண்டு பேரையும் கூட்டியாருவான்னு பத்து நாளா வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தரும் வரல. யார்கிட்டயும் மூச்சு விடல அவ. ஆடிக் காத்துல பதினேழும் விழுந்துச்சு, பந்தல் போட்டுட்டேன். மிளகு இல்லாம அவ இப்பக் கீழ ஒரு மில்லுக்கு வேலைக்குப் போறா. மண்ணு எனக்கு வேணாம்னு சொல்லியும் விடல, வேணும்னு கேட்டும் வரல. ஊரைக் கூட்டியிருந்தா நானும் எந்திரிச்சு நின்னு என் நியாயத்தைச் சொல்லியிருப்பேன்ல? அதுக்கும் வழி வைக்காமப் பண்ணிட்டா.

அவ முந்தின நாளே பாத்துட்டாள்ல தம்பி. பாத்தவ, ஏண்ணே இப்பிடிப் பண்ணினன்னு நேருக்கு நேரா என்னைக் கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். அதை விட்டுட்டு, ஏறி நின்னு என்னைச் சோதிச்சுப் பாத்திருக்கா. அவ என்ன வேணும்னாலும் நினைக்கட்டும். அவ கால் தரையில படுற வரைக்கும் நான் ஏணியை விடல.